பதிவேட்டுக்குள் மறைந்த நிலம்

நகராட்சிச் சொத்துவரிப் பிரிவில் என்னைப் போல வேலை பார்த்தவர்களுக்கு ராமோன் தெ சாந்தில்யான் என்ற ஸ்பானியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1845-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தத்தின் புகழ் பெரும்பாலும் அன்றைய நிதியமைச்சர் அலெஹாந்த்ரோ மோனுக்கே போய்ச் சேர்ந்தது. நாடாளுமன்றத்தில் அதை நிறைவேற்றிக் காட்டிய துணிச்சல் மோனுடையது, மறுக்கவில்லை. ஆனால் திட்டத்தில் பெரும்பகுதி சாந்தில்யானின் உழைப்பு.

1791-இல் லெர்மாவில் பிறந்தவர். இளமையில் நெப்போலியன் படையை எதிர்த்துப் போரிட்டார். பிறகு நிதித்துறையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1840-இலும் 1847-இலும் சில மாதங்கள் அமைச்சர். பின்னாளில் ஸ்பெயின் வங்கியின் ஆளுநர். இருந்தும் எனக்கு அவர் கடைசிவரை கோப்புகளை அறிந்த அலுவலராகவே தெரிகிறார்.

அவர் கைக்கு வந்த வரிமுறை ஒரே நாட்டினுடையதா என்றே சந்தேகம் வரும். காஸ்டிலில் விற்பனை மீது அல்கபாலா, கட்டலோனியாவில் கதாஸ்த்ரோ, வலென்சியாவில் எகிவலெந்தே, மயோர்க்காவில் தால்யா என்று பகுதிக்குப் பகுதி வேறு வேறு வரிகள். 1845 மே 23-இல் வந்த சட்டம் இந்தப் பழைய வரிகளை அகற்றி, நிலம், தொழில், நுகர்வு எனச் சில வரிகளுக்குள் கொண்டுவந்தது. பாஸ்க் மாகாணங்களும் நவார்ராவும் மட்டும் தனி ஏற்பாட்டிலேயே நீடித்தன.

நிலவரி விதித்த முறைதான் என்னை வதைக்கிறது. அரசு முதலில் மொத்தத் தொகையை, 30 கோடி ரியால் என்று, நிர்ணயித்தது. அதை மாகாணங்களுக்கும், மாகாணம் ஊர்களுக்கும், ஊர் நிலக்காரர்களுக்கும் பங்கிட்டன. ஓர் ஊரின் பங்கு 10,000 ரியால் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பண்ணைக்காரர் தன் நிலத்தில் பாதியைக் கணக்கில் காட்டாவிட்டாலும் கஜானாவுக்கு அதே 10,000 வந்துவிடும். குறைந்ததைப் பக்கத்து நிலத்துச் சிறு விவசாயி கட்டுவார். யாரிடம் எவ்வளவு நிலம் என்று பட்டியலிடுவதும் ஊராரே. அந்தக் குழுவில் செல்வாக்கு யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதிவைக்கும் கேட்புப் பதிவேட்டில் ஒரு வீடு தரைத்தளம் மட்டும் என்றிருக்கும். டேப்பைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றால் மாடியில் துணி காயும். எங்கள் முறையில் அப்படி மறைந்த தொகை நகராட்சிக்கு நட்டம், ஆகவே தேடிப் போக எங்களுக்குக் காரணம் இருந்தது. மாட்ரிட் அலுவலகத்துக்கோ வசூல் குறையாததால் தேடவேண்டிய அவசரமே எழவில்லை. நாடு முழுவதையும் அளந்து பதிவுசெய்யாமல் இந்த வரி நியாயமாக நடக்காது. அளப்பதற்குப் பணமும் ஆளும் காலமும் தேவை. காலியான கஜானாவை வைத்திருந்த அரசால் அதுவரை காத்திருக்க முடியவில்லை.

நுகர்வு வரி இன்னும் கொடியது. எண்ணெய், இறைச்சி, சோப்பு என்று ஏழையின் கூடைக்குள்ளேயே கைவிட்டது. 1868 புரட்சியில் அதை ஒழித்தார்கள். ஆறே ஆண்டுகளில் திரும்பவும் கொண்டுவந்தார்கள். நில அளவைக்கான சட்டம் 1906-இல்தான் வந்தது. சாந்தில்யான் 1863-லேயே காலமாகிவிட்டார்.