பூமழை முந்தினால்

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் அரபிகா காப்பிக்கு மார்ச், ஏப்ரலில் பூமழை, அதாவது மொட்டை விரியவைக்கும் மழை, இறங்க வேண்டும். பிப்ரவரியிலேயே கொட்டிவிட்டால் 'கோடையும் இப்படித்தான் நனையும்' என்று கணக்குப் போடாதீர்கள். முந்தின மழை பிந்தின மழைக்கு ஜாமீன் இல்லை.

எவ்வளவு பெய்தது என்பதே முக்கியம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவை வெட்டவெளியில் வைத்து, தேங்கிய நீரை ஸ்கேலால் அளந்தால் போதும். 25 மி.மீ.க்கு மேல் என்றால் எட்டுப் பத்து நாளில் செடி வெள்ளையாகப் பூக்கும். வெறும் தூறல் என்றால் மொட்டு பாதி வீங்கி, விரியாமலே கருகும். அரைகுறை மழை மழையே இல்லாததைவிட மோசம். பூத்தபின் இரண்டு மூன்று வாரத்துக்குள் அடுத்த மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. குளம் இருந்தால் ஸ்பிரிங்ளரை இதற்கென்று ஒதுக்குங்கள்.

வெயில் ஏறும் கோடையில் காப்பித் தண்டைக் குடையும் வண்டான வெள்ளைத் தண்டுத்துளைப்பானுக்குக் கொண்டாட்டம். ஏப்ரலுக்கு முன் தண்டின் தளர்ந்த பட்டையைச் சாக்கால் தேய்த்து உரித்து, 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பு கரைத்துப் பூசுங்கள். கோடை முடியும்வரை நிழல் மரத்தில் அரிவாள் வைக்க வேண்டாம்.