பொறியியல் பார்க்க மிண்டனுக்குப் போகாதீர்கள்

பினாங்கில் யூஎஸ்எம்-இல், அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், பொறியியல் படிக்கிறேன் என்றதும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடித்த தம்பி தங்கைகள் "அண்ணே, வளாகத்தைச் சுற்றிக் காட்டுங்க" என்கிறார்கள். தாராளமாகக் காட்டுகிறேன். ஆனால் கெலுகோரில் போய் இறங்கிவிடாதீர்கள், அங்கே உள்ள மிண்டன் தலைமை வளாகம் பினாங்குத் தீவில் இருக்கிறது, பொறியியல் வளாகமோ பெருநிலத்தில், நிபோங் தெபாலில். அந்த ஊரில் கேடிஎம் கொமுட்டர் ரயில் நிற்கும்.

வார நாளில் வாங்க. ஆய்வுக்கூடத்தைப் பார்க்காமல் பெயர்ப்பலகை முன்னால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு பத்து பிரிங்கி கடற்கரைக்கே போகலாம். அப்பா அம்மா விடுதி, சாப்பாடு பற்றிக் கேட்பார்கள், சரி, கேட்கட்டும். நீங்கள் இறுதியாண்டு மாணவர்களைப் பிடித்து தொழிற்பயிற்சி எங்கே கிடைத்தது, எந்தப் பாடத்தில் திணறினார்கள் என்று விசாரியுங்கள்.

வேறு பல்கலைக்கழகம் என்றாலும், முக்கியமாகத் தனியார் என்றால், அந்தப் பட்டத்துக்கு இஏசி (பொறியியல் அங்கீகார மன்றம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இருந்தால் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவது சுலபம், 2009 முதல் மலேசியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இருப்பதால் வெளிநாட்டிலும் கைகொடுக்கும். கட்டடத்தின் பளபளப்பைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

அப்புறம், மூடிய காலணி போட்டு வாங்க, செருப்போடு பட்டறைக்குள் விடமாட்டார்கள்.