புள்ளி தானே விழுகிறது

கல்லூரி மலரை ரோனியோ என்ற நகலெடுக்கும் உருளைப் பொறியில் அடித்த காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஸ்டென்சிலில் புள்ளி வைக்கப் பயந்தவர்கள். மெழுகு பூசிய மெல்லிய நார்த்தாள் அது. கீழே சொரசொரப்பான தகடு, கையில் முனை உருண்ட இரும்புப் பேனை. கோடு இழுத்தால் மெழுகு விலகி நார் மட்டும் மிஞ்சும்; நாரின் இடுக்கால் மை கசிந்து அடித்தாளில் எழுத்தாகும். புள்ளியை ஊன்றி வைத்தால் மெழுகோடு நாரும் அறுந்துவிடும். முதல் சில பத்துப் பிரதிகளில் 'க்' ஒழுங்காகத்தான் வரும். உருளை சுற்றச் சுற்ற ஓட்டை பெருத்து, மை குண்டாக இறங்கி, பக்கமெங்கும் அம்மைத் தழும்பு விழுந்தது போலாகிவிடும். அதனால் புள்ளியைக் குத்தாமல், அரிசிக் குறுணி அளவில் ஒரு சிறு கோடாக இழுக்கச் சொல்லித் தந்தார்கள்.

அடுத்த ஆபத்து சுழி. ண, ன, ஞ, இ போன்றவற்றில் சுழியை முழுதாக மூடி எழுதினால் நடுத்துண்டு கழன்று மையோடு போய்விடும். மயிரிழை இடைவெளி விட்டு எழுத வேண்டும். பிழை வந்தால் நகப்பூச்சு மாதிரியான சிவப்புத் திரவத்தை மெல்லியதாகத் தடவி, காய்ந்த பிறகு அதன் மேலேயே எழுதலாம். தடவுமுன் ஸ்டென்சிலை அடியட்டையிலிருந்து தூக்கிப் பிடிக்க மறந்தால் இரண்டும் ஒட்டி, பிரிக்கும்போது அந்த வரியே கிழிந்து வரும். ஓலையில் எழுதிய நம் முன்னோர்க்கும் இதே சங்கடம் இருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்லியிருந்தும், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். வாசிக்கிறவன் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இன்று கோலாலம்பூரில் அந்தத் தலைமுறைக்கு எழுபதும் எண்பதும் வயது. வெள்ளிக்கிழமை மாலை ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கைப்பேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துத் தமிழில் எழுதுகிறவர்களைப் பார்க்கலாம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டு. இரண்டாவது மகரம் விழுந்ததும் முதல் மகரத்தின் தலையில் புள்ளி தானே வந்து உட்காருகிறது. ஊன்ற முனையும் இல்லை, கிழியத் தாளும் இல்லை. கடல் கடந்து முகம் பார்த்துப் பேசும் அழைப்பைவிட எனக்கு இந்தப் புள்ளிதான் பெரிய அதிசயம். அது எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அதிசயம் இன்னும் கூடியிருக்கிறது.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் நம் யாழ்ப்பாண மண்ணின் ஆர். முத்தையா. 1886இல் அங்கே சுண்டிக்குளியில் பிறந்து, இந்தப் பக்கம் சிங்கப்பூருக்கு வந்து வேலை பார்த்தவர். தமிழுக்கு 247 எழுத்து. பொறியில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விசை கொடுக்க வழியில்லை. அதற்கு அவர் கண்ட உபாயம் நகரா விசை. மற்ற விசைகளை அடித்தால் தாள் ஒரு எழுத்தளவு நகரும். புள்ளிக்குரிய விசையை அடித்தால் தாள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே 'க்' என்று எழுத முதலில் புள்ளியை அந்தரத்தில் அடித்து, பிறகு அதன் கீழே ககரத்தை அடிக்க வேண்டும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு என்ற கால். பொறி ஜெர்மனியில் செய்விக்கப்பட்டது. இப்படி அடிக்கும் ஒழுங்கு கண்ணின் ஒழுங்கு: தாளில் இடமிருந்து வலமாக எது முதலில் தெரிகிறதோ அது முதலில் அடிக்கப்படும். அரிவரியில் நாம் படித்ததோ வாயின் ஒழுங்கு. க் என்ற மெய்யும் ஒ என்ற உயிரும் சேர்ந்தால் கொ. பொறியில் பழகிய விரல் இந்த இரண்டாவது ஒழுங்கை மறந்தே போனது.

அச்சுக்கூடத்தில் வேறு விதமான சிரமம். 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரில் வந்த தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களும் ஈய எழுத்துக் காலத்தைக் கண்டவைதான். கு, சு, டு, மு, று என உகரம் மெய்க்கு மெய் வேறு உருவம் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனிக் குழி. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளுக்குப் பழைய சிறப்பு வடிவங்கள் வேறு. 1978இல் தமிழ்நாட்டு அரசு இந்த 13ஐ ஒழுங்குபடுத்தியது. தும்பிக்கை வைத்த லை, னை எழுதிப் பழகிய கைக்கு அது கொஞ்சம் வலித்தது என்னவோ உண்மை. அந்த வடிவங்கள் அழகானவை.

கணினி வந்த முதல் ஆண்டுகளை இன்னும் கஷ்டமான காலம் என்பேன். எழுத்துருவை மாற்றினால் எழுத்தே மாறிப்போகும். யாழ்ப்பாணத்துக்காரர் உலகெங்கும் பாவித்தது பாமினி என்ற எழுத்துரு. அதில் 'வணக்கம்' என்று அடிக்கும்போது கணினிக்குள் போய் உட்காருவது ஆங்கில டீ, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கணினியில் அது வணக்கமாகத் தெரியும். இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். ஒரு நாட்டிலிருந்து மலருக்குக் கட்டுரை பாமினியிலும், இன்னொரு நாட்டிலிருந்து டாப், டிஸ்கி என்ற வேறு குறியாக்கங்களிலும் வந்து சேர, தொகுப்பவர் பாடு பெரும்பாடு. பழைய மலர்களின் கணினிக் கோப்பு இன்னும் உங்களிடம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பாமினியை, எந்தக் கணினியிலும் ஒன்றுபோல் தெரியும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: கட்டுரையின் நடுவே உள்ள ஆங்கிலப் பெயர்களையும் முகவரிகளையும் முதலில் வெட்டித் தனியே வைத்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அவையும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும்.

யூனிகோட் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள்; இன்று எழுத்தும் குறியும் எண்ணுமாக அவற்றில் 72 நிரம்பியிருக்கின்றன. 247 எழுத்து 72 இடத்துக்குள் எப்படி அடங்குகிறது? அரிவரி முறையில்தான். கைப்பேசி 'கொ' என்பதை ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு என்று சேமிக்கிறது. திரையில் காட்டும்போது மட்டும் கொம்பை எடுத்து முன்னால் வைத்து, அரவைப் பின்னால் வைக்கிறது. கண்ணுக்குரிய ஒழுங்கை எழுத்துரு பார்த்துக்கொள்ள, விரல் வாயின் ஒழுங்குக்குத் திரும்பிவிட்டது. புள்ளிக்கும் தனி இடம் உண்டு. ஓலையில் விடுபட்டு, ஸ்டென்சிலில் குறுணியாகி, தட்டச்சில் அந்தரத்தில் நின்ற புள்ளி, இப்போது ஓர் எழுத்துக்குரிய மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது.

இந்த மாற்றத்தில் நாம் வாழும் மலேசியாவுக்குப் பெரிய பங்கு. இந்நாட்டவரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள், பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்தது. கைப்பேசிக்கான அவருடைய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளிவந்தது. தொடுதிரை வருமுன்பே, எண்விசைக் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. 2013இல் ஐபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை வந்தபோது இடம்பெற்ற இரண்டு முறைகள், ஆங்கில எழுத்தின் ஒலியால் தமிழ் அடிக்கும் அஞ்சலும், தமிழ் எழுத்தே விசையாக அமைந்த தமிழ்99உம்.

இரண்டில் எதைப் பழகுவது என்று மூத்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். என் கருத்து தமிழ்99. ஆங்கில எழுத்தைக் கொண்டு தமிழை ஊகிக்க வேண்டியதில்லை. அதன் அடுக்கு அரிவரி தெரிந்த எவருக்கும் பிடிபடும்: இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். அ, இ, உ, எ நடுவரிசையில். அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ. ஒரே மெய் இரண்டு தரம் வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இனவெழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் விழும். 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ போதும். சொல்லின் கடைசி மெய்க்கும், 'கல்வி' போல இந்த இரண்டு வகையிலும் சேராத நடுமெய்க்கும் ஆய்த விசையைத் தட்டிப் புள்ளி வைக்க வேண்டும். எங்கே தடுக்கும் என்றால் 'பப்பாசி'யில். ப, ப என்று தட்டியவுடன் முதலாவதற்குப் புள்ளி விழுந்துவிடும். அதைத் தடுக்க நடுவே அகரத்தைத் தட்டுங்கள்: ப, அ, ப, ப, ஆ, ச, இ. 'தத்துவம்', 'மமதை' எல்லாவற்றுக்கும் இதே மருந்து. ஆங்கிலத் தட்டச்சில் கைதேர்ந்தவர்களுக்கு அஞ்சல் விரைவாக வரும், மறுக்கவில்லை; ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று ஆங்கில எழுத்தை நினைவில் வைக்க வேண்டும்.

ஐபோனில் அமைப்புகள், பொது, விசைப்பலகை, விசைப்பலகைகள், புதிய விசைப்பலகை சேர் என்று போய்த் தமிழைத் தேர்ந்தால் இரண்டும் இருக்கும். ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியை இறக்கலாம். அல்லது கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்க்கலாம். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறப் பூமிப்பந்து விசை. ஜிபோர்டில் ஆங்கில எழுத்தால் அடித்துத் தமிழாக்கும் முறையை எடுத்தால், விசைகளுக்கு மேலே வரும் சொற்பட்டியைப் பார்க்காமல் இடைவெளி தட்டக்கூடாது. பலம், பழம், பாலம் மூன்றும் அங்கே வரிசையில் நிற்கும். பாராமல் தட்டினால் இயந்திரம் தன் விருப்பத்துக்கு ஒன்றைப் போட்டுவிடும்.

வயதான விரலுக்கென்று சில தடைகள் உண்டு. விசையை ஆறுதலாக அமுக்கிப் பிடிப்பது நம் பழக்கம். தொடுதிரை அதை நீண்ட அழுத்தம் என்று எண்ணி வேறு எழுத்தைக் காட்டும். அணுகல்தன்மை அமைப்பில் 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்பதை நீட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். உலர்ந்த தோலைத் திரை சரியாக உணராது, ஏனென்றால் அது விரலின் மின்னேற்பைக் கொண்டு வேலை செய்கிறது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தட்டினால் வித்தியாசம் தெரியும். விசைப்பலகையின் உயரத்தையும் கூட்டலாம். அழிக்கும்போது கவனம் வேண்டும். 'கொ' என்பதில் முதல் தட்டுக்குக் கொம்பும் அரவும் சேர்ந்து போய் 'க' நிற்கும், இரண்டாம் தட்டுக்குத்தான் அதுவும் போகும். இதை அறியாதவர்கள் அழிவிசையை அமுக்கிப் பிடித்து முழு வரியையும் இழக்கிறார்கள்.

தட்ட முடியாதவர்களுக்கு ஒலிவாங்கிப் படம் இருக்கிறது. 2017 முதல் கூகுள் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிறது. பட்டியலில் தமிழ் (இந்தியா), தமிழ் (இலங்கை), தமிழ் (சிங்கப்பூர்), தமிழ் (மலேசியா) என்று நான்கு இருக்கும். உங்கள் பேச்சுக்குக் கிட்டியதை எடுங்கள். செய்தி வாசிக்கிற தமிழில் பேசினால் நன்றாக எழுதும், ல, ள, ழ வேறுபாட்டையும் சொல்லின் இடம் பார்த்துப் பெரும்பாலும் சரியாகப் போடும். 'வந்தவை, போனவை' என்று நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் தடுமாறும். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் அதற்கு வராது, அவற்றைக் கையால் திருத்துங்கள். நடுவில் யோசித்து நின்றால் ஒலிவாங்கி அணைந்துவிடும். ஒரு வாக்கியத்தை மனத்தில் முடித்துக்கொண்டு பேசுவது நல்லது. மின்விசிறிக்குக் கீழே இருந்து பேசவேண்டாம்.

இனி, நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டியது. கட்டுரையைப் படம் எடுத்து அனுப்பாமல் எழுத்தாகவே மின்னஞ்சலிலோ புலனத்திலோ (வாட்ஸ்அப்) அனுப்புங்கள். அரவுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டும் வழக்கம் நம்மிடையே நிறைய உண்டு. சில எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும், அப்படி எழுதிய 'அம்மா' கைப்பேசிக்கு 'அம்மர'. வாசித்துக் காட்டச் சொன்னால் அப்படியே வாசிக்கும். பெயர்களில் இந்தப் பிழை இன்னும் கொடியது. 'கௌரி' என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல், கெ போட்டு ளகரம் தட்டி எழுதினால் பார்வைக்கு ஒன்றே, தேடினால் அகப்படாது. 'ஸ்ரீ' எழுத்துக்கும் உள்ளே இரண்டு வழி இருக்கிறது, ஸகரத்தில் தொடங்குவதும் ஶகரத்தில் தொடங்குவதும். நம் அங்கத்தவர் பட்டியலில் ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். விசைப்பலகையில் ஸ்ரீக்குத் தனி விசை இருந்தால் அதையே தட்டுங்கள். பட்டியலில் ஒரு வகுப்புத் தோழியைத் தேடி அகப்படவில்லை என்றால், அவர் பெயர் இல்லை என்று முடிவு கட்டுமுன், கௌ எழுத்தை மற்ற முறையிலும் ஒருதரம் தட்டித் தேடிப் பாருங்கள்.