256 வரிசையோடு நிற்கும் எக்செல்

சென்னை தம்பு செட்டித் தெருவில், சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துத் தரும் கிளியரிங் ஆபீஸ்களில் கன்டெய்னர் கணக்கு இன்னும் எக்செல்லில்தான் ஓடுகிறது. அதைப் படிக்கத் திரையில் கிளிக் செய்யும் பாட் (தானியங்கி புரோகிராம்) வைத்தால், பட்டன் இடம் மாறிய அன்றே வேலை படுத்துவிடும். மைக்ரோசாஃப்டின் ஆட்டோமேஷன் கருவியான பவர் ஆட்டோமேட்டின் ரெடிமேட் எக்செல் கனெக்டர் திரையைத் தொடாமல் ஏபிஐ (புரோகிராம்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி) வழியே படிக்கும்.

ஃபைல் ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ இருக்கணும். தகவலை Ctrl+T அடித்து டேபிளாக்கணும். பெரிய வம்பு இனிமேல்தான்: டேபிளைப் படிக்கும் ‘லிஸ்ட் ரோஸ்’ ஆக்‌ஷனைச் சும்மா விட்டால் 256 வரிசைதான் எடுக்கும், எரரும் காட்டாது. 257-வது கன்டெய்னர் காணாமல் போனது டெமரேஜ் (தாமதக் கட்டணம்) பில் வரும்போதுதான் தெரியும். அந்த ஆக்‌ஷனின் செட்டிங்ஸில் பேஜினேஷனை (மீதி வரிசைகளையும் அடுத்தடுத்து எடுக்கும் வசதி) ஆன் செய்து, த்ரெஷோல்டு (உச்ச வரம்பு) 5000 கொடுங்கள்.

கனெக்‌ஷனை ஊழியர் ஒருவரின் சொந்த ஐடியில் போடாதீர்கள். அவர் பாஸ்வேர்டு மாற்றினாலே அறுந்துவிடலாம்.

கணக்கு சாஃப்ட்வேர் டேலி தனி ரகம். வழக்கமாக 9000 என்ற நெட்வொர்க் போர்ட்டில் எக்ஸ்எம்எல் வடிவில் தகவலை வாங்கிக்கொள்ளும், ஆனால் அந்த கம்ப்யூட்டரில் டேலி திறந்தே இருக்கணும்.