பையனுக்கு எதற்குப் படிப்பு?

"பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்று கேட்டு வளர்ந்த காதில், மங்கோலியப் புல்வெளியில் அதே கேள்வி தலைகீழாக விழும்போது சுருக்கென்கிறது. பையனுக்கு மந்தை இருக்கிறது, படிப்பு எதற்கு என்பார்கள். படிக்கப் போவது மகள். தலைநகர் உலான்பாத்தரில் வங்கி, மருத்துவமனை, பள்ளி என்று எங்கே போனாலும் எதிரே இருப்பவர் பெரும்பாலும் பெண்தான்.

மேய்ப்பர்களின் கெர் கூடாரத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடம் பிரித்தே வைத்திருக்கிறது. வாசல் தெற்குப் பார்த்தது. நுழைந்ததும் இடப்புறம், அதாவது மேற்கு, ஆண்கள் பக்கம். சேணமும் கடிவாளமும் குதிரைப்பால் புளிக்கும் தோல்பையும் அங்கேதான். பாத்திரம் பண்டமெல்லாம் கிழக்கே, பெண்கள் பக்கம். விருந்தாளி மேற்கே போய் உட்கார வேண்டும். நடுவிலுள்ள இரண்டு தூண்களுக்கிடையே புகுந்து போகக் கூடாது. வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாடும் ஆடும் கறப்பது பெண்கள். குதிரை கறக்க இரண்டு பேர் வேண்டும். முதலில் குட்டியை ஊட்டவிடுவார்கள். பால் சுரந்ததும் ஒருவர் குட்டியை இழுத்துத் தாயின் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒற்றை முழங்காலிட்டுக் கறப்பார். குட்டி கண்ணைவிட்டு விலகினால் குதிரை பாலை அடக்கிக்கொள்ளும். மடி சிறியது, அதனால் கோடையில் ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை கறக்க வேண்டும். 1250களில் இங்கே வந்த பாதிரியார் வில்லியம் ரூப்ரக், மாடு கறப்பது பெண்கள், குதிரை கறப்பது ஆண்கள் என்று எழுதிவைத்தார். இன்று குதிரையையும் பெண்கள் கறக்கிறார்கள். நம் நீலகிரித் தோடர்களிடமோ எருமை கறப்பது ஆண். பால்மனைக்குள் பெண்ணுக்கு இடமில்லை. எந்த வேலை ஆணுடையது என்பதை மலைக்கு மலை மாற்றி எழுதிக்கொள்கிறார்கள்.

புளித்த குதிரைப்பால் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது கிண்ணத்திலேயே மனம் பெருங்காயம் போட்ட நீர்மோருக்குப் போய்விடும்.

மனம் ஆறாதது பையன்களை நினைத்துத்தான். 1990களின் தொடக்கத்தில் கூட்டுப்பண்ணைகளைக் கலைத்து மந்தைகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பண்ணையாட்கள் பகிர்ந்து செய்த வேலை முழுக்க ஒரு வீட்டின் தலையில் விழுந்தது. நீளக் கழியின் நுனியில் சுருக்குக் கட்டி முரட்டுக் குதிரையைப் பிடிப்பது, பனியில் மந்தையைத் தொலைதூரப் புல்லுக்கு ஓட்டுவது எல்லாம் ஆண் வேலை. ஆகவே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவன் பையன். பிறகு 'சுட்' வந்தது: மேலே பனிக்கட்டி இறுகி, கீழேயிருக்கும் புல் வாய்க்கு எட்டாத குளிர்காலம். 2009-10இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. மந்தையை இழந்தவன் கையில் படிப்பும் இல்லை.

பெண்கள் படித்ததனால் அதிகாரம் அவர்களிடம் போய்விடவும் இல்லை. 2024இல் தேர்வான நாடாளுமன்றத்தில் அவர்கள் நான்கில் ஒரு பங்குதான். ஆனால் படித்தவர்கள் நகரத்திலேயே தங்கிவிடுகிறார்கள். குதிரை பிடிப்பதில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் மேய்ச்சல் நிலத்துப் பையனுக்குப் பெண் அமைவது கடினமாகிவிட்டது. கறக்கவும் பாலைக் காய்ச்சிப் பதப்படுத்தவும் ஆளில்லாமல் ஒற்றை ஆளாக மந்தையை நடத்த முடியாது. விற்றுவிட்டு உலான்பாத்தரின் விளிம்பில் கெர் போட்டுக் குடியேறுகிறவர்களில் இப்படிப்பட்ட பையன்களும் உண்டு.