‘ஏட்டி, மாறு’

கார் சாகுபடிக்காகப் பாபநாசம் அணையைத் திறந்துவிட்டிருந்த ஜூன் மாதம். கால்வாயில் குளிக்கப் போன ஏழு வயதுப் பையனை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மூச்சு இல்லை, நாடியும் இல்லை. தாமிரபரணிக் கரையோரத்துச் சின்ன மருத்துவமனை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது எட்டு மாதம்.

கரையில் வைத்தே வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் இன்றும் இதைத்தான் முதலில் செய்கிறோம். அதனால் நேரம்தான் போகும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடவும் கூடும். தண்ணீரில் மூழ்கிய பிள்ளைக்கு முதலில் நிற்பது மூச்சு, இதயம் அதற்குப் பிறகுதான். அதனால் மூச்சும் கொடுக்க வேண்டும், நெஞ்சையும் அழுத்த வேண்டும்.

மூத்த சிஸ்டர், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைப் பிடித்தார். நான் அழுத்தினேன். 15 அழுத்தல், 2 மூச்சு. சத்தமாக எண்ணினேன். இரண்டு நிமிடம் ஆனதும், "ஏட்டி, மாறு" என்றார். "இல்லக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். என் தம்பி வயசுப் பையன். கையை எடுத்தால் அவனை விட்டுவிட்டது போலாகிவிடும் என்று தோன்றியது. இன்னும் இரண்டு நிமிடம் அழுத்தியிருப்பேன். அக்கா என் தோளைப் பிடித்து நகர்த்தினார். எதிர்ப்பக்கம் தயாராக நின்ற, எங்களோடு வேலை பார்க்கும் தம்பி கை வைத்தான். அவன் அழுத்தியபோது நெஞ்சு இறங்கிய ஆழத்தைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. நான் அழுத்தியபோது அதில் பாதிகூட இறங்கவில்லை.

நெஞ்சுக்கும் முதுகுக்கும் இடையே உள்ள கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது இறங்க வேண்டும். அந்த வயசுக்குச் சுமார் 5 செ.மீ., கைக்குழந்தைக்கு 4. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. சின்ன உடம்பு, எலும்பு முறிந்துவிடுமோ என்று கை தானாகவே பயப்படும். ஆனால் என் கை தளர்ந்ததற்குக் காரணம் பயம் இல்லை, களைப்பு. அது எனக்குத் தெரியவே இல்லை. முழங்கை மடங்கி, நெஞ்சின் மேலேயே சாய்ந்துவிட்டேன் என்று அக்கா பிறகு சொன்னார். ஒவ்வோர் அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுசாக மேலே வந்தால்தான் இதயத்துக்குள் ரத்தம் நிறையும். சாய்ந்து நின்றால் அது நடக்காது.

நாடி திரும்பியது. 108-இல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் அங்கே இறந்துபோனான். எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால், நான் விடாமல் பிடித்திருந்த அந்த இரண்டு நிமிடத்தின் கணக்கை என்னால் முடிக்க முடியவில்லை.

இப்போது என் வார்டில், முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் போடப் பலகை இருக்கிறது. அழுத்துகிறவர் குட்டையாக இருந்தால் ஏறி நிற்க ஸ்டூலும் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கவென்று ஒருவர் நிற்பார். இரண்டு நிமிடத்தில் நாடி பார்க்கும்போதே ஆளும் மாற வேண்டும், அதுவும் 10 விநாடிக்குள். அழுத்துகிறவரிடம் "முடியுதா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். யாரும் முடியவில்லை என்று சொன்னதில்லை.

போன வாரம் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைக்குப் பொம்மையில் பயிற்சி. சரியான ஆழத்துக்கு இறங்கினால் அந்தப் பொம்மை ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும். "ஏட்டி, மாறு" என்றேன். "இன்னும் முடியும்க்கா" என்றாள். சரி, செய் என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் ‘டக்’ சத்தம் நின்றுபோனது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.