வட்டம் போட்டால் மட்டும் நோய் நிற்காது

மாட்டுக்குக் கோமாரியோ பன்றிக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலோ வந்துவிட்டால், நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 3 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம், 10 கிலோமீட்டருக்கு இன்னொரு வட்டம் போட்டுக் கட்டுப்படுத்துவது பல நாடுகளில் வழக்கம். ஜிஐஎஸ் எனும் புவியியல் தகவல் முறை இதை நொடியில் செய்துவிடும்; வட்டத்துக்குள் எந்தெந்தப் பண்ணை, எத்தனை மாடு, எவ்வளவு தடுப்பூசி தேவை என்று கணக்கும் கொடுக்கும். நல்லதுதான். ஆனால் பல சமயம் நோய் லோரி ஏறிப் போய்விடுகிறது.

நம் மலேசியாவில் பன்றியிலிருந்து மனிதருக்குத் தொற்றிய நிப்பா நோயையே பாருங்கள். 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கியது, விற்ற பன்றிகளோடு சேர்ந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நெகிரி செம்பிலானில் இருக்கும் புக்கிட் பெலாண்டோக் வரை போய்ச் சேர்ந்தது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். அது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளைத் தாக்கும் நோய். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்கள். 1999 மார்ச்சில்தான் இது புது வைரஸ் என்று தெரிந்தது. மலேசியாவில் மட்டும் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகள் அழிக்கப்பட்டன. நோயாளிகளின் வீடு, பண்ணை, பன்றி ஏற்றிப் போன பாதை மூன்றையும் அன்றைக்கே ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்திருந்தால் சந்தேகம் சீக்கிரமே கொசுவை விட்டு நகர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பிரிட்டனிலும் 2001இல் கோமாரி உறுதியாவதற்குள் சந்தையில் கைமாறிய ஆடுகள் அதைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோய்விட்டன.

அதனால் வரைபடத்தில் பண்ணைகளைக் காட்டும் புள்ளிகளோடு கோடுகளும் வேண்டும், எந்த மாடு எங்கிருந்து எங்கே போனது என்று. அப்புறம் புள்ளியே இல்லாத கொட்டகைகள்! இங்கே பினாங்கில் பட்டர்வொர்த், நிபோங் திபால் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து மாடு கட்டிப் பால் விற்கும் நம்மவர்களில் சிலர் பதிவு செய்யப் பயப்படுகிறார்கள். நிலம் சொந்தமில்லை, எழுதிக் கொடுத்தால் காலி செய்யச் சொல்வார்களோ என்ற கவலை. அது நியாயமான கவலைதான். நோய்த் தடுப்புக்குக் கொடுக்கும் விவரத்தை நில விவகாரத்துக்கு எடுக்கமாட்டோம் என்று அதிகாரிகள் எழுத்திலேயே உறுதி தரவேண்டும், இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் அதில் பாதி ஊர் இருக்காது.

மாடு வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் இப்போதைக்கு ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடு கேட்டு ஆள் வந்தால், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற்றி விடாதீர்கள், போகிற இடத்தையும் அதில் சரியாக எழுதச் சொல்லுங்கள்.